எட்டாயிரம் ஏக்கர் தீவு

கம்பம் பள்ளத்தாக்கின் கதை – 17

பசிபிக் பெருங்கடலின் நடுவே நவூரு என்றொரு நாடு. மொத்தப் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். கரையை ஒட்டி ஒரு சாலை சுற்றி வருகிறது. கம்பத்திலிருந்து உத்தமபாளையம் போய்த் திரும்புகிற தூரத்தில் நாட்டையே வலம் வந்துவிடலாம். பாஸ்பேட் மண்ணை வெட்டி விற்றே ஒரு காலத்தில் உலகின் பணக்கார நாடுகள் வரிசையில் நின்றது. மண் தீர்ந்தது, பணமும் தீர்ந்தது. அதற்குத் தென்கிழக்கே துவாலு, 26 சதுர கிலோமீட்டர். தன் கடலில் மீன் பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்களுக்கு உரிமம் கொடுத்தும், தனக்கு வாய்த்த ‘டிவி’ என்ற இணைய முகவரி எழுத்துகளை வாடகைக்கு விட்டும் பிழைக்கிறது. இரண்டுக்கும் ஐக்கிய நாடுகள் சபையில் இந்தியாவுக்கு உள்ளதுபோல் ஆளுக்கொரு நாற்காலி உண்டு.

நம் பள்ளத்தாக்கின் தென்மேற்கு மலைச்சுவருக்கு அப்பால், தேக்கடியிலிருந்து படகில் போய்ச் சேர வேண்டிய இடத்தில், 8,000 ஏக்கர் நிலம் இருக்கிறது. சதுர கிலோமீட்டர் கணக்கில் 32-க்குச் சற்று மேல். நவூருவைப் போல் ஒன்றரை மடங்கு. கொடி கிடையாது, நாணயம் கிடையாது, ஓட்டுப் போடும் குடிமகன் ஒருவர்கூடக் கிடையாது. ஆனால் ஒரு நாட்டுக்கு உண்டான மற்ற வம்புகள் எல்லாம் உண்டு. எல்லை இருக்கிறது, வருமானம் இருக்கிறது, ஆளுவது யார் என்ற வழக்கு நூறு வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது.

சென்ற இதழில், 1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு பெரியாற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டதோடு நிறுத்தியிருந்தோம். முல்லைப் பெரியாறு அணை கட்டிய கதையை இந்தப் பக்கத்தில் குழந்தைகூடச் சொல்லும். பாலார்பட்டிக்காரர்கள் அதைக் கட்டிய இன்ஜினியர் பென்னிகுவிக்கின் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைப்பதைத் தொலைக்காட்சிகள் தை மாதம் தவறாமல் காட்டிவிடுகின்றன. அணைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீருக்கும் அது மூழ்கடித்த நிலத்துக்கும் யார் எஜமான் என்ற கதை அவ்வளவாகச் சொல்லப்படவில்லை. இந்த இதழ் அதற்குத்தான்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். சிவகிரி மலைப்பக்கம் பிறக்கும் பெரியாறு வடக்கே ஓடிவந்து முல்லையாற்றைச் சேர்த்துக்கொண்டு, பிறகு மேற்கே திரும்பி அரபிக்கடலுக்குப் போகிறது. அந்தத் திருப்பத்தை ஒட்டி, 1,200 அடி நீளத்துக்குக் கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு அடைத்தார்கள். தண்ணீர் பின்வாங்கி, பள்ளங்களில் எல்லாம் விரல் விரலாகப் புகுந்து, தேக்கடி வரை வந்து நின்றது. மேடாக இருந்த இடங்கள் தீவும் தீபகற்பமும் ஆயின. அப்படி ஒரு மேட்டில்தான் திருவிதாங்கூர் ராஜா பின்னாளில் எடப்பாளையம் மாளிகையைக் கட்டிக்கொண்டார். மூழ்கிப்போன காட்டின் பட்ட மரங்கள் இன்றும் தண்ணீருக்கு மேலே கறுத்து நிற்கின்றன. படகுச் சவாரிக்கு வருகிறவர்கள் யானைக்கு அடுத்தபடியாகப் படம் எடுப்பது அந்த மரங்களைத்தான்.

இந்த ஏரிக்கு இயற்கையான வாசல் மேற்கே, கேரளப் பக்கம். கிழக்கே இருக்கிற வாசல் மனிதன் குடைந்தது. தேக்கடியிலிருந்து ஒரு வெட்டுக் கால்வாய், அதன் முடிவில் மலையைத் துளைத்துக்கொண்டு ஒரு மைலுக்கு மேல் நீளமான சுரங்கம். அதைத் தாண்டினால் தண்ணீர் முன்பு வைரவனாற்றில் விழுந்து, சுருளியாறாகி, வைகையில் சேர்ந்தது. சுரங்க வாயின் மட்டம் 104 அடி. நீர்மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால் ஏரியில் எவ்வளவு கிடந்தாலும் நமக்கு ஒரு சொட்டு வராது. பள்ளத்தாக்குக்காரன் காலையில் பேப்பரைப் பிரித்ததும் அணை மட்டத்தைத் தேடுவதற்கு இந்த 104 ஒரு காரணம். மற்றக் காரணங்களான 136, 142, 152 என்ற எண்களுக்குப் பின்னால் வருகிறேன்.

இந்தக் குட்டி நாட்டின் அரசியல் சட்டம் 1886 அக்டோபர் 29-ஆம் தேதி எழுதப்பட்டது. ஒரு பக்கம் திருவிதாங்கூர் திவான் வி. ராமய்யங்கார், மறுபக்கம் இந்திய மந்திரியின் சார்பாக, திருவிதாங்கூர்-கொச்சி ரெசிடெண்ட் ஜான் சைல்டு ஹானிங்டன். குத்தகைக் காலம் 1886 ஜனவரி முதல் தேதியிலிருந்து 999 வருஷம்; அதாவது 2884 முடிய. அப்போதும் போதவில்லை என்றால் இன்னொரு 999 வருஷம் நீட்டிக்கொள்ளலாம். தேங்குகிற நிலம் 8,000 ஏக்கர், வேலைக்குத் தனியாக 100 ஏக்கர். ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய் வீதம் 40,000 ரூபாய் குத்தகை. தண்ணீர் முழுவதும் சென்னைக்கு. வேலைக்கு வேண்டிய மரமும் ஏரியின் மீனும் சென்னைக்கு. நிலத்தின் அரசுரிமை மட்டும் ராஜாவுக்கு.

அந்த 40,000 ரூபாய் எப்படிக் கைமாறியது என்பதில் வெள்ளைக்காரன் சாமர்த்தியம் தெரியும். திருவிதாங்கூர் சமஸ்தானம் பிரிட்டிஷாருக்கு வருஷா வருஷம் கப்பம் கட்டிக்கொண்டிருந்தது. குத்தகையை அந்தக் கப்பத்தில் கழித்துக்கொள்வதாக ஏற்பாடு. ராஜாவின் கஜானாவுக்குள் பணமாக எதுவும் நுழைய வேண்டியதில்லை. அவர் கொடுக்க வேண்டியதில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

மகாராஜா விசாகம் திருநாள் மனம் நொந்து, நெஞ்சின் ரத்தத்தால் கையெழுத்திடுவதாகச் சொன்னார் என்று ஒரு கதை கேரளத்தில் மேடைக்கு மேடை சொல்லப்படும். பேரம் அவர் காலத்திலும் நடந்தது, நெருக்கடியும் உண்மைதான். ஆனால் விசாகம் திருநாள் 1885 ஆகஸ்டில் காலமாகிவிட்டார். பத்திரம் எழுதியபோது சிம்மாசனத்தில் இருந்தவர் மூலம் திருநாள், கையெழுத்திட்டவர் திவான். ரத்தக் கதைக்கு ஈடாக நம் பக்கமும் ஒன்று வைத்திருக்கிறோம். பென்னிகுவிக் இங்கிலாந்தில் இருந்த சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்பது. லோயர்கேம்ப் மணிமண்டபத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு வாத்தியார்கள் சொல்கிற கதை அதுதான். அணை வேலையில் இருந்த இன்ஜினியர் மெக்கன்சி 1899-இல் எழுதிய திட்ட வரலாறு இருக்கிறது. அது சொல்லும் அணை சென்னை அரசாங்கம் போட்ட திட்டம், அரசாங்கம் செலவழித்த பணம். பென்னிகுவிக் மீது இந்த ஊர் வைத்திருக்கிற பக்திக்குச் சொத்து விற்ற கதை தேவையே இல்லை.

பொருளாதாரத்துக்கு வருவோம். இந்த நாட்டில் விளைவது தண்ணீர் ஒன்றுதான். 152 அடி மட்டத்தில் ஏரியின் கொள்ளளவு ஏறத்தாழ 15.5 டி.எம்.சி. அந்தத் தண்ணீரில் மதுரை மேலூர் வரை பாயும் கதை தனி. நம் பள்ளத்தாக்கு மட்டும் எடுத்துக்கொண்டால், லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல். மழை தவறாமல் இருந்தால் ஜூன் முதல் தேதி முதல் போகத்துக்குத் திறக்கிறார்கள். வழக்கமான கணக்கு விநாடிக்கு 200 கனஅடி வயலுக்கு, 100 கனஅடி குடிநீருக்கு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயக்காடுகளில் நாற்றங்கால் போடுவதும் போடாததும் அந்த ஒரு உத்தரவைப் பொறுத்தது. கிணற்றில் ஊறும் தண்ணீரும் ஆற்றில் ஓடும் தண்ணீரை நம்பித்தான். ஆகவே சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கத்துப் பன்னீர் திராட்சைப் பந்தலையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். 

தண்ணீர் தவிர இரண்டாவது வருமானம் ஒன்று பத்திரத்தில் இல்லாமலே ஒளிந்திருந்தது. ஏரியிலிருந்து லோயர்கேம்ப்புக்குச் செங்குத்தான இறக்கம். அப்படி விழுகிற தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று சென்னை அரசு நினைத்ததும் சண்டை பிடித்துக்கொண்டது. பாசனத்துக்குத்தான் கொடுத்தோம், மின்சாரத்துக்கு இல்லை என்றது திருவிதாங்கூர். பத்திரத்திலேயே மத்தியஸ்தத்துக்கு வழி இருந்தது. சென்னைக்கு டேவிட் தேவதாஸ், திருவிதாங்கூருக்கு வி.எஸ். சுப்பிரமணிய அய்யர் என்று இரண்டு நடுவர்கள் உட்கார்ந்தார்கள்; ஒத்துப்போகவில்லை. கடைசியில் கல்கத்தாவைச் சேர்ந்த சர் நளினி ரஞ்சன் சட்டர்ஜி 1941 மே மாதம் தீர்ப்புச் சொன்னார். தண்ணீர் பாசனத்துக்கு மட்டுமே. திருவிதாங்கூர் பக்கம் நியாயம். யோசித்துப் பார்த்தால், பிரிட்டிஷ் ராஜ்யம் இன்னும் நின்றுகொண்டிருந்தபோதே அதன் மாகாணம் ஒரு சமஸ்தானத்திடம் தோற்ற வழக்கு இது. கேரளத்துக்காரர்கள் கொண்டாட வேண்டிய தீர்ப்பு. ஏனோ ரத்தக் கையெழுத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆறு வருஷம் கழித்து இதைவிட விசித்திரமான ஒன்று நடந்தது. 1947 ஜூனில் திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர், வெள்ளைக்காரன் போனதும் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பு நிலைத்திருந்தால் குமுளியில் ஒரு சர்வதேச எல்லை நின்றிருக்கும். கூடலூர் சம்சாரி தன் வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீர் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும். அந்தச் சில வாரங்களில், 8,000 ஏக்கரும் ஒரு சின்ன தேசத்துக்குள் இருக்கும் இன்னொரு சின்ன தேசமாகிவிடும் நிலை. ஜூலை 25-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் ஓர் இசை விழா முடிந்து வெளியே வந்த சி.பி.யை வெட்டினார்கள்; உயிர் தப்பினார். அந்த மாதம் முடிவதற்குள் சமஸ்தானம் இந்தியாவோடு சேரச் சம்மதித்துவிட்டது.

பிரிட்டிஷ் மேலாதிக்கம் போய்விட்டதே, அதன் கீழ் எழுதிய குத்தகையும் போனதுதானே என்ற கேள்வி மட்டும் தங்கிவிட்டது. உச்ச நீதிமன்றம் வரை அதைக் கொண்டுபோனார்கள். 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது பழைய ஒப்பந்தங்களின் உரிமையும் கடமையும் புது மாநிலங்களுக்கு வந்து சேர்ந்தன என்று சட்டமே சொல்கிறது, குத்தகை செல்லும் என்று 2014-இல் நீதிமன்றம் முடித்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு மின்சாரத் தகராறு பேசித் தீர்ந்தது. லோயர்கேம்ப்பில் மின்நிலையம் வந்தது. தொடக்கத்தில் 35 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு, மொத்தம் 140. தேக்கடியிலிருந்து வருகிற தண்ணீர் ராட்சதக் குழாய்களில் இறங்கி, இயந்திரத்தைச் சுற்றிவிட்டு வயலுக்குப் போகிறது. ஆனால் காகித வேலை 1970 மே மாதம்தான் முடிந்தது. அச்சுத மேனன் அங்கே முதல்வர், கருணாநிதி இங்கே. குத்தகை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாய். முப்பது வருஷத்துக்கு ஒருமுறை திருத்தலாம். மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம், அதுவும் 1954-இலிருந்தே கணக்கு. மீன்பிடி உரிமையைத் தமிழ்நாடு விட்டுக்கொடுத்தது.

1970-இல் அந்த மீன் பெரிதாகத் தெரிந்திருக்காது. துவாலு மீன் உரிமத்தில் ஒரு நாட்டையே நடத்துகிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இங்கே மீனோடு போனது, ஏரியின் மேற்பரப்பில் நமக்கு இருந்த பிடி. அதே ஏரியைச் சுற்றிய காடு 1934-இலேயே வேட்டை தடுக்கப்பட்ட சரணாலயம். 1950-இல் பெரியாறு சரணாலயமாக விரிந்தது. 1978-இல் புலிகள் காப்பகமானது. தண்ணீர் தமிழ்நாட்டுக்கு, தண்ணீருக்கு மேலே மிதக்கிற உல்லாசப் படகு கேரளத்துக்கு, கரையில் நிற்கிற யானை மத்திய அரசின் வனச்சட்டத்துக்கு என்று ஆட்சி மூன்றாகப் பிரிந்துகொண்டது.

ஆட்சி என்று சொல்கிறேனே, அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அணையைப் பராமரிப்பது தமிழ்நாடு பொதுப்பணித் துறை, இப்போது நீர்வளத் துறை. மதகை ஏற்றுவதும் இறக்குவதும் அவர்கள். காவலுக்கு நிற்பது கேரளப் போலீஸ். அணைக்குப் போக இரண்டு வழி: வண்டிப்பெரியாறு பக்கம் வல்லக்கடவு வழியாகக் காட்டுப்பாதை, அல்லது தேக்கடியிலிருந்து படகு. இரண்டு வழியும் கேரள வனத்துறையின் கையில். பொதுப்பணித் துறையிடம் ‘கண்ணகி’, ‘ஜலரத்னா’ என்று பழைய படகுகள் இருந்தன. வேகமாகப் போக ‘தமிழன்னை’ என்று புதுப்படகு வாங்கினார்கள். அனுமதி கிடைக்காமல் அது வருஷக்கணக்கில் கரையில் கட்டிக் கிடந்தது. 2000-ஆம் ஆண்டு ஒரு யானை மின்கம்பியில் அடிபட்டு இறந்ததும் அணைக்கு வந்த மின்சாரத்தைத் துண்டித்தார்கள். லோயர்கேம்ப்பில் மின்சாரம் எடுக்கத் தண்ணீர் கொடுக்கிற அணை, இருபது ஆண்டுகள் ஜெனரேட்டர் வெளிச்சத்தில் இருந்தது. 2021 தொடக்கத்தில்தான் மண்ணுக்கடியில் கேபிள் போட்டு இணைப்பு வந்தது.

இதை எல்லாம் கேரளத்தின் குதர்க்கம் என்று எழுதித் தள்ளிவிடலாம். நம்மூர் மேடைகளில் அப்படித்தான் தள்ளுகிறார்கள். வாடகைக்கு இருப்பவன் சுவரில் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரனிடம் கேட்க வேண்டியிருக்கிறதே, அந்தக் கதைதான் இது என்று எனக்குப் படுகிறது. பத்திரம் 999 வருஷம் செல்லும். அது ஆணியைப் பற்றிப் பேசவில்லை.

ஆணி என்பதற்குப் பதில் பதினைந்து மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய அணைக்குப் பக்கத்தில் பேபி அணை என்று ஒன்று இருக்கிறது, 240 அடி நீளம். அதைப் பலப்படுத்தினால் நீர்மட்டத்தை 152 அடிக்கு ஏற்றலாம் என்பது 2014 தீர்ப்பு. பலப்படுத்த வேண்டுமானால் அங்கே நிற்கும் பதினைந்து மரத்தை வெட்ட வேண்டும். 2021 நவம்பரில் கேரள வனத்துறை அனுமதி கொடுத்தது. தமிழ்நாடு முதல்வர் நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் வந்த பிறகுதான் அப்படி ஓர் அனுமதி போயிருப்பதே தங்களுக்குத் தெரியும் என்றது கேரள அரசு. சில நாளில் அனுமதி ரத்து. உத்தரவிட்ட உயர் அதிகாரி சஸ்பெண்ட். 

இப்போது அந்த எண்கள். 152 அடி என்பது அணையின் முழு மட்டம். 1979 ஆகஸ்டில் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்வி நகரம் அழிந்தது. அந்தப் பீதியில் கேரளப் பத்திரிகைகள் முல்லைப் பெரியாற்றைப் பிடித்துக்கொண்டன. அதே வருஷம் நவம்பரில் மத்திய நீர்வள ஆணையத் தலைவர் வந்து பார்த்து, பலப்படுத்தும் வேலை முடியும்வரை 136 அடிக்கு இறக்கச் சொன்னார். தமிழ்நாடு அணைக்கு மேல் கான்கிரீட் தொப்பி போட்டது, இரும்பு வடத்தைச் செருகி நங்கூரம் பாய்ச்சியது, பின்புறம் கான்கிரீட் சுவர் சேர்த்தது. மட்டம் மட்டும் ஏறவில்லை. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 வரை ஏற்றலாம் என்றது. மார்ச்சிலேயே கேரளச் சட்டசபை 136-தான் என்று சட்டத் திருத்தம் போட்டது. 2011 டிசம்பரில் பள்ளத்தாக்கே கொதித்து ஆயிரக்கணக்கில் குமுளி நோக்கி நடந்ததும், எல்லை அடைபட்டதும், ஏலத்தோட்டங்களிலிருந்து நம் ஆட்கள் காட்டுப்பாதையில் இறங்கி ஓடிவந்ததும் தனி அத்தியாயமாக வரும். 2014 மே 7-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு கேரளத்தின் அந்தச் சட்டத் திருத்தத்தை ரத்து செய்தது. அந்த நவம்பரில், 35 வருஷத்துக்குப் பிறகு தண்ணீர் 142-ஐத் தொட்டது. 

பயம் பொய் என்றும் நான் எழுதமாட்டேன். அணைக்குக் கீழே முதலில் இருப்பது வல்லக்கடவு, அடுத்து வண்டிப்பெரியாறு. அங்கே தேயிலைத் தோட்ட லயங்களில் குடியிருப்பவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். ராத்திரியில் மழை கொட்டி உபரிநீர் ஷட்டரைத் தூக்கினால், ஆற்றோரத்து வீட்டில் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுகிற கிழவி பேசுவதும் நம் பாஷையே. அதேபோல் கோட்டயத்துச் சமையலறைக்குப் போகிற காய்கறியில் நல்ல பங்கு இந்தத் தண்ணீரில் விளைந்து, கம்பத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் ராத்திரியோடு ராத்திரியாகக் குமுளி ஏறுகிறது. பயத்துக்கும் தாகத்துக்கும் மொழிவாரி எல்லை போட முடியவில்லை.

2014 தீர்ப்பு இந்தக் குட்டி நாட்டுக்கு ஒரு மந்திரிசபையும் கொடுத்தது. மத்திய அரசின் ஆள் தலைவர், இரண்டு மாநிலங்களுக்கும் ஆளுக்கொருவர்: அமைத்தபோது மூவர் குழு. குழு வருகிறது, கேலரிக்குள் இறங்கிக் கசிவு நீரை அளக்கிறது, ஷட்டர்களை ஏற்றி இறக்கிப் பார்க்கிறது, குமுளியில் உட்கார்ந்து பேசுகிறது. இரண்டு தரப்பும் வெளியே வந்து நிருபர்களிடம் வேறு வேறு சொல்கின்றன. 2021-இல் நாடாளுமன்றம் அணைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றிய பிறகு மேற்பார்வை தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையத்தின் பக்கம் நகர்ந்திருக்கிறது. குத்தகைப் பணம் என்னவோ இன்றும் ஒழுங்காகத்தான் போகிறது. ஏக்கருக்கு 30 ரூபாய் வீதம் பார்த்தால் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்தை ஒட்டிய தொகை. தேனியில் ஒரு நல்ல இடத்துக் கடைக்கு அதைவிட அதிக வாடகை கேட்கிறார்கள்.

நிலத்தையே கேட்டு வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கத் தோன்றும். கேட்டார்கள். 1950-களில் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று பெரிய கிளர்ச்சியே நடந்தது. தமிழ் பேசுவோரே அங்கே அதிகம் என்று கணக்குக் காட்டினார்கள். தோட்டக்கூலிக்கு வந்து போகிறவர்களை வைத்து எல்லை போட முடியாது என்று மாநிலச் சீரமைப்பு ஆணையம் தள்ளிவிட்டது. காமராஜர் அப்போது சொன்னதாக ஒரு வாசகம் இன்றும் உலவுகிறதே, அதில் எவ்வளவு நிஜம் என்பதையும் பார்த்துவிடலாம்.

(அடுத்த இதழில்: இரண்டு தாலுகா)